'ஏறக்குறைய' என்னும் நோய்

ஆண்டுக்கு ஒரு நாள் தமிழர் கருவிகளை வணங்குகின்றனர். ஆயுத பூசையன்று சுத்தியலுக்கும் திருகாணிச் சாவிக்கும் சந்தனம் இடப்படுகிறது. உளிக்கும் அரத்துக்கும் பூச்சூட்டப்படுகிறது. மறுநாள் விடிந்தவுடன் அக்கருவிகளைப் பிடிக்கும் கை தாழ்ந்த கையாகிவிடுகிறது. "படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்" என்று தந்தை மகனை அச்சுறுத்துகிறார். அதே சொல்லை வகுப்பறையில் ஆசிரியரும் வழிமொழிகிறார். கருவிக்குத் தூபம், கருவியாளனுக்கு ஏளனம்! இம்முரண்பாட்டை முரண்பாடென்றுகூட உணராத நிலையிலேயே தமிழ்ச் சமுதாயத்தின் பெரும்பகுதி இன்றும் இருந்து வருகிறது.

இவ்வேளனத்தின் வேர் எது? கைவேலைக்கு உடல்வலிமை போதும், அறிவு வேண்டுவதில்லை என்னும் எண்ணமே. அறிவு ஏட்டில் இருக்கிறது. கையில் இருப்பது வெறும் பழக்கம் என்று கற்றோர் பலர் உறுதியாக நம்புகின்றனர். அந்நம்பிக்கை பொய் என்பதைக் காட்ட எத்தனையோ தொழில்களைச் சான்றாகக் கொள்ளலாம். ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது தமிழ் வாசகருக்குப் பெரிதும் பழக்கமில்லாத ஒரு தொழில். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தம் வீட்டுப் பட்டறையிலேயே ரைபிள் துப்பாக்கிக்குப் புதுக்குழல் பொருத்தக் கற்றுக்கொள்வோர் உளர். அவர்கள் கற்கும் முறையில் ஆசிரியர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. இது மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ எவரும் செய்து பார்க்கத்தக்கதன்று. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டு சுடுகலன் தண்டனைச் சட்டமும், சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டமும் இவ்வகையில் மிகக் கடுமையானவை. கடுமையாக இருப்பதே நன்று. அமெரிக்காவின் நிலை வேறு. அங்கு ஒருவர் தமக்குரிய ரைபிளுக்குத் தாமே குழல் மாற்றிக்கொள்வதைக் கூட்டரசுச் சட்டம் தடுப்பதில்லை. பிறர்க்குத் தொழிலாகச் செய்வோரே உரிமம் பெற வேண்டும். ஆகவே வேட்டையாடுவோரும் இலக்குநோக்கிச் சுடும் போட்டியாளரும் இதனை ஒரு கலையாகவே பயின்று வருகின்றனர். ஈண்டுக் கருதப்படுவது அவர்தம் ஆயுதமன்று, அளவுமுறையே.

வேலை யாது? எஃகுக் குழலின் பின்முனையைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து, திருகுமரை வெட்டி, தோட்டா அமர்வதற்குரிய அறையை ரீமர் என்னும் வெட்டுக்கருவியால் குடைய வேண்டும். பிறகு அக்குழலை ரிசீவர் எனப்படும் உடற்பகுதியில் திருக வேண்டும். தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கி நிற்பது போல்ட் என்னும் தாழ். அத்தாழின் முகத்துக்கும், தோட்டா முன்னே செல்லாமல் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தொலைவையே 'ஹெட்ஸ்பேஸ்' என்பர். தமிழில் தலைவெளி எனலாம். தடுத்து நிறுத்தும் இடம் எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒன்றன்று. பழைய .303 தோட்டா தன் அடிவிளிம்பால் நிற்கும்; .308 வின்செஸ்டர் தோட்டா தன் தோள்சரிவால் நிற்கும். வேறு சில தம் இடைப்பட்டையால் நிற்கும். எந்தத் தோட்டா எதனால் நிற்கிறது என்பதை அறியாதவன் எதை அளக்க வேண்டும் என்பதையே அறியாதவனாவான்.

1926ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் கழகம் இவ்வளவுகளை வரையறுத்து வெளியிடுகிறது. அவ்வரையறையையொட்டி .308 வின்செஸ்டருக்கு இரண்டு அளவிகள் கையாளப்படுகின்றன. 'செல்' அளவி 1.630 அங்குலம். 'செல்லா' அளவி 1.634 அங்குலம். முன்னதை அறையில் இட்டால் தாழ் மூட வேண்டும்; பின்னதை இட்டால் தாழ் மூடக்கூடாது. இரண்டும் நிறைவேறினால்தான் வேலை சரி. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 1 அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் வரும் 4 பங்கு. மில்லிமீட்டரில் 0.1. மாணவன் தேர்வெழுதும் தாள் ஒன்றை எடுத்துத் தொட்டுப் பார்த்தால் அவ்வளவின் தடிப்புக் கைக்குத் தெரியும். அந்த ஒரு தாளின் தடிப்புக்குள்தான் அக்கைத்தொழிலாளனின் உண்மை முழுதும் அடங்கியிருக்கிறது.

தடிப்புச் சிறிதாயினும் விளைவு சிறிதன்று. .308 தோட்டா வெடிக்கும்போது 1 சதுர அங்குலத்தில் 62,000 பவுண்டு வரையிலான அழுத்தத்தை அறை தாங்க வேண்டும். தலைவெளி குறைந்தால் தாழ் மூடாது. வலிந்து மூட நேரும். தலைவெளி மிகுந்தால் பித்தளை உறை பின்னோக்கி நீண்டு, அடிப்பகுதியருகே மெலிந்து கிழியும். கொதிக்கும் வாயு சுடுபவன் முகத்தை நோக்கிப் பாயும். குறைதலும் குற்றம், மிகுதலும் குற்றம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழியைச் சிக்கனத்துக்குரிய அறிவுரையாக மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டனர். உண்மையில் அஃது ஒரு தொழில்நெறி.

இனி, கைவேலையை இகழ்வோர் கூறும் மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோர்க்கு விடை கிடைக்கும்.

"நூலைப் படித்தால் போதுமே, இதில் என்ன கற்க இருக்கிறது?" என்பர் சிலர். நூல் வேண்டும், நூல் மட்டும் போதாது. கற்பவன் முதலில் குழலின் உள்துளை கடைசல் இயந்திரத்தின் சுழலச்சோடு ஒத்தோடுகிறதா என்று சுட்டுமுள் அளவியால் பார்க்கிறான். ஆயிரத்தில் ஒரு பங்கு விலகினாலும் மீண்டும் சீர்செய்கிறான். ரீமரைச் சிறிது செலுத்துகிறான், வெளியே எடுத்து எஃகுச் சீவல்களைத் துடைக்கிறான், எண்ணெய் இடுகிறான், மறுபடியும் செலுத்துகிறான். முடிவு நெருங்க நெருங்க வெட்டும் அளவைக் குறைக்கிறான். ஒவ்வொரு முறையும் 'செல்' அளவியை இட்டு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுகிறான். இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. அறைக்குள் ஒரே ஒரு சீவல் துகள் ஒட்டியிருந்தால் அளவி முழுதும் உள்ளே போகாது. அறை இன்னும் ஆழமாக வேண்டும் என்று அது பொய்யுரைக்கும். அதனை நம்பி மேலும் வெட்டினால் எல்லை கடந்துவிடும். வெட்டிய எஃகை மீண்டும் ஒட்ட முடியாது. குழலின் தோளையே கடைந்து பின்தள்ளி, வேலையைத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். துடைக்காமல் அளந்தவனுக்குக் கிடைப்பது அளவன்று, மயக்கம். இப்பாடத்தை எந்த ஏடு கைக்குள் புகுத்தும்?

இதனை உணர்ந்தே கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் நகரிலுள்ள கல்லூரி 1940களின் பிற்பகுதியிலேயே துப்பாக்கித் தொழிலை ஒரு படிப்பாக ஏற்றுக்கொண்டது. தோட்டா வடிவமைப்பில் பெயர்பெற்ற பார்க்கர் ஆக்லி அங்கு ஆசிரியராகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்டவர்கள் கல்லூரி மாணவராகிப் பட்டறையில் நின்று கற்றனர். பட்டறையைக் கல்லூரிக்குள் கொண்டுவருவது இழுக்கென்று அக்கல்லூரி கருதவில்லை.

"அளவி எதற்கு? அனுபவசாலியின் கண் போதாதா?" என்பது இரண்டாவது மறுப்பு. இது கைவேலையை இகழ்வோரின் கூற்றன்று. கைவேலையை அளவுக்கு மீறிப் புகழ்வோரின் கூற்று. ஆயினும் கேடு ஒன்றே. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு ஆயுதச் சாலையில் 1903ஆம் ஆண்டு மாதிரி ரைபிள்கள் செய்யப்பட்டன. உலையில் காய்ச்சிய எஃகு போதிய சூடு அடைந்துவிட்டதா என்பதைத் தேர்ந்த தொழிலாளர் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தனர். 1917இல் சில ரைபிள்கள் வெடித்துச் சிதறின. ஆராய்ந்தபோது, எஃகு சூடு மிஞ்சிப் போய் நொறுங்கும் இயல்பு பெற்றிருந்தது தெரிய வந்தது. வெப்பமானிகளைப் பொருத்திப் பார்த்தனர். வெயில் பளிச்சிடும் நாளில் கண் 'சரி' என்று சொன்ன சூடு, மேகமூட்டமான நாளில் அதே கண் 'சரி' என்று சொன்ன சூட்டைவிட 300 பாகை பாரன்ஹீட் வரை மிகுந்திருந்தது! கண் பொய் சொல்லவில்லை. சுற்றியிருந்த வெளிச்சம் கண்ணை ஏமாற்றியது. முறை மாற்றப்படுவதற்கு முன் அச்சாலையில் ஏறத்தாழ 8 இலட்சம் ரைபிள்கள் உருவாகிவிட்டன. ஜூலியன் ஹேச்சர் என்னும் படைத்துறை வல்லுநர் 1947இல் வெளிவந்த தம் நூலில் இவ்வரலாற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளார். முப்பதாண்டு அனுபவமும் அளவுகோலின்றி நின்றால் வானிலைக்கு அடிமையாகும் என்பதே இதன் பாடம்.

ஆகவே கை உயர்ந்ததா, அளவி உயர்ந்ததா என்னும் பட்டிமன்றம் வீண். 1785ஆம் ஆண்டில் பாரிசிலிருந்த தாமஸ் ஜெபர்சன், ஒனோரே பிளான் என்பவர் செய்த துப்பாக்கி விசையுறுப்புகளைக் குவியலிலிருந்து கைபோனபடி எடுத்துத் தாமே பூட்டிப் பார்த்து வியந்தார். அதுவரை ஓர் உறுப்பு அதன் துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்துமாறு அரத்தால் தேய்க்கப்பட்டு வந்தது. பின்னர் 1820களில் ஹார்ப்பர்ஸ் பெரி என்னுமிடத்தில் ஜான் ஹால் அளவிகளைக் கொண்டே ரைபிள் உறுப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டத்தக்கவையாகச் செய்து காட்டினார். அளவி வந்ததால் கை அழியவில்லை. கைக்குச் சான்று கிடைத்தது.

மூன்றாவது மறுப்பே மிகக் கொடியது. "சிறிது முன்பின் இருந்தால் என்ன? ஏறக்குறைய சரியாக இருந்தால் போதும்" என்பது அது. இந்நோய்க்கு மருந்து ஓர் எளிய கணக்கு. 1958இல் வெளிவந்த சேவேஜ் 110 என்னும் ரைபிளில் குழலை ஒரு வளையத் திருகு இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் அறை குடையப்பட்ட குழலை வாங்கிக் கடைசல் இயந்திரமின்றியே பொருத்தலாம். பலர் கற்கத் தொடங்குவதும் இங்கேதான். அதன் திருகுமரை அங்குலத்துக்கு 20. ஒரு முழுச்சுற்றுக்குக் குழல் 0.050 அங்குலம் நகரும். அப்படியானால் 0.004 அங்குலத்துக்கு எவ்வளவு திருக வேண்டும்? 0.08 சுற்று, அதாவது 28.8 பாகை. கடிகாரத்தின் முள் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு நகரும் 30 பாகைகூட இல்லை. 'சிறிது' என்று சொல்லித் திருகியவன் கையை எடுக்குமுன்னே எல்லையைக் கடந்துவிடுவான். ஐந்தாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய இக்கணக்கு ஒரு மனிதனின் கண்ணைக் காக்கிறது. கணிதம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா?

அங்கும் 'ஏறக்குறைய'க்காரர் இல்லாமலில்லை. 'செல்லா' அளவியை வாங்காமல், 'செல்' அளவியின் பின்புறம் ஒட்டுநாடாவை ஒட்டி அதனையே 'செல்லா' அளவியாகக் கொள்வோர் உண்டு. இச்செயல் தன்னளவில் குற்றமன்று. ஒட்டிய நாடாவின் தடிப்பை மைக்ரோமீட்டரால் அளந்து, அஃது எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அறிந்து செய்பவன் கெட்டிக்காரன். எல்லாரும் ஒட்டுகிறார்கள் என்று அளக்காமல் ஒட்டுபவன் தன்னையே ஏமாற்றிக்கொள்பவன். இருவர் செயலும் பார்வைக்கு ஒன்றே. வேறுபாடு அறிவில் இருக்கிறது.

"கொல்லும் கருவியைச் செய்வதில் என்ன சிறப்பு? அதைப் பற்றித் தமிழாசிரியர் ஏன் எண்ண வேண்டும்?" என்று நான்காவதாக ஒரு மறுப்பு எழக்கூடும். நேர்மையான கேள்வி, நேர்மையான விடையும் உண்டு. சுவீடன் நாட்டின் எஸ்கில்ஸ்டூனா நகரிலுள்ள ரைபிள் தொழிற்சாலையில் கார்ல் எட்வர்டு யோகான்சன் என்பவர் பணிபுரிந்தார். ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வோர் அளவி செய்வதற்கு மாறாக, ஒன்றோடொன்று சேர்த்து எந்த அளவையும் உருவாக்கக்கூடிய எஃகுக் கட்டைகளை 1896ஆம் ஆண்டளவில் அவர் எண்ணிக் கண்டார். 102 கட்டைகளைக் கொண்டு ஏறத்தாழ 20,000 அளவுகள்! அக்கட்டைகளை அவர் தேய்த்து முடித்தது எங்கே? தம் வீட்டில், மனைவியின் தையல் இயந்திரத்தைத் தேய்ப்பு இயந்திரமாக மாற்றியமைத்து. துப்பாக்கிக்காகப் பிறந்த அவ்வளவுக் கட்டைகள் பின்னர் மோட்டார் வண்டித் தொழிலுக்கும், அதன்பின் துல்லியம் வேண்டும் எல்லாத் தொழிலுக்கும் அடிப்படையாயின. 1 அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர் என்று அவர் தம் கட்டைகளுக்குக் கொண்ட அளவே 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகளின் உடன்பாட்டில் நிலைபெற்றது. ஆயுதத்தை ஒதுக்கலாம். ஆயுதம் பெற்றெடுத்த அளவறிவை ஒதுக்க இயலாது. மாணவன் கையிலுள்ள அடிக்கோலில்கூட அது வாழ்கிறது.

மேலும், இவ்விருபுற எல்லை தமிழ்க் கைகளுக்குப் புதியதுமன்று. மலாயாவின் தோட்டங்களில் பால்மரம் சீவிய பாட்டன் பாட்டியர் இதனையே நாள்தோறும் செய்தனர். ரப்பர்ப் பால் நாளங்கள் பட்டையின் உட்பகுதியில், வளர்திசுவை ஒட்டியே மிகுந்துள்ளன. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் மிகுந்து வளர்திசுவைத் தொட்டால் மரம் காயப்படும். காயம் ஆறி முடிச்சேறிய பட்டையில் மறுமுறை கத்தி ஓடாது. இருட்டு விலகாத விடியற்பொழுதில், தலைவிளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில், 'செல்'லுக்கும் 'செல்லா'வுக்கும் இடைப்பட்ட அக்கோட்டை அவர்தம் கை அறிந்திருந்தது. பள்ளிக்கூடம் அதனை அறிவென்று ஏற்கவில்லை. கூலி என்று பெயரிட்டது. பேரப்பிள்ளைகளும் அவ்வாறே நம்பக் கற்றனர். இஃது அக்கைகளுக்கு இழைக்கப்பட்ட அநீதி. அதில் கற்றோரின் பங்கே பெரிது.

இனி வகுப்பறைக்கு வரலாம். மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது; மதிப்பெண் மோகம் நீங்கிற்றா? நூற்றுக்கு நாற்பது பெற்றவன் தேர்ச்சி என்னும் மனநிலை எங்கும் நிலவுகிறது. நாற்பது பங்கு சரியாகப் பொருந்திய தாழை எவரேனும் முகத்தருகே வைத்துச் சுடுவரா? பள்ளி என்பதைப் பல்லி என்று எழுதிய மாணவனுக்கு 'ஏறக்குறைய சரி' என்று மதிப்பெண் வழங்கும் இரக்கம் இரக்கமன்று. லகர ளகர வேறுபாடு ஒரு தாளின் தடிப்புத்தான். ஆனால் கல்விக்கூடம் சுவரில் ஊரும் உயிராகிவிட்டதே!

இஃது ஒருபுறம். மறுபுறமும் உண்டு. தமிழ் வகுப்புகளில் 'செல்' அளவி மட்டுமே கையாளப்படுகிறது. 'செல்லா' அளவியை எவரும் எடுப்பதில்லை. கட்டுரையில் உவமைத்தொடர் இருக்கிறதா, மரபுத்தொடர் இருக்கிறதா, பழமொழி இருக்கிறதா என்று பார்க்கின்றனர். வேண்டாத இடத்தில் மனப்பாடம் செய்த பத்துத் தொடர்களைத் திணித்திருக்கிறானே, பொருள் கிழிந்துவிட்டதே என்று பார்ப்பார் இலர். குறையை அளக்கக் கற்றவர் மிகையை அளக்கக் கற்கவில்லை. மேடைப்பேச்சும் வாழ்த்துரையும் அவ்வாறே எல்லை கடந்து நீள்வதற்குக் காரணமும் இதுவே. வெட்டிய எஃகைப் போலப் பேசிய சொல்லையும் மீண்டும் ஒட்ட முடியாது.

பள்ளிகள் செய்ய வேண்டியது யாது? பெருஞ்செலவில் கூடங்கள் அமைக்க வேண்டுவதில்லை. ஒரு வெர்னியர் அளவுகோல், ஒரு மைக்ரோமீட்டர், சில மரத்துண்டுகள், ஓர் அரம் போதும். ஒரு முளையைச் செய். இத்துளையில் புக வேண்டும், அத்துளையில் புகக்கூடாது என்று மாணவனிடம் சொல்லிவிட்டு ஆசிரியர் விலகி நிற்கட்டும். மதிப்பெண்ணை ஆசிரியர் இட வேண்டுவதில்லை, துளையே இட்டுவிடும். அங்கே கெஞ்சல் செல்லாது, குடும்பப் பெயர் செல்லாது, ஆசிரியரின் விருப்பு வெறுப்பும் செல்லாது. முதன்முறையாக மாணவன் ஆளைச் சாராத நீதி ஒன்றைக் காண்பான். அவ்வேலையைத் தேர்வில் பின்தங்கியோர்க்கு மட்டும் ஒதுக்காமல், முதல் மாணவனுக்கே முதலில் கொடுக்க வேண்டும். அவன் தடுமாறுவான். தடுமாறட்டும். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவன் அவனுக்குக் கற்றுக்கொடுக்கும் நாளில், அவ்வகுப்பறையில் கைக்கும் மூளைக்கும் இடையே இருந்த தீண்டாமை ஒழியும்.

கைத்தொழில் அறிவற்றது என்று இனியும் சொல்வோர், ஒரு தாளின் தடிப்புக்குள் தம் அறிவை ஒருமுறை நிறுத்திக் காட்டட்டும். காட்டிய பின் பேசட்டும்.